மத்தியானத்தில் மட்டும் பின்தங்கிய கடிகாரம்

எங்கள் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது; கேட்டால் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது. டிரைவர், கண்டக்டர், டயர் பிரிவு, நிலையத்தைப் பெருக்குகிறவர் எல்லாருக்கும் அவர் மணியக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்களும் கூச்சப்படாமல் அக்கா என்றுதான் சொல்வார்கள்.

அவர் நேரக் காப்பாளர். பேருந்து நிலையத்தின் நடுவில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. நாங்கள் அதைக் கூண்டு என்போம். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து, மைக்கில் சொல்லி, டிரைவர் நீட்டும் தாளில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவர் வேலை. நான் அடுத்த அறையில் முன்பதிவுப் பிரிவில் இருந்தேன். இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அதனால் அவர் கதையில் பாதி நான் காதால் கேட்டது, மீதி அவரே சொன்னது.

கூண்டில் ஒரு கணினி இருந்தது. வெளியே தொங்கும் பெரிய பலகையில் வண்டி எண்ணையும் நேரத்தையும் காட்டுவது அதுதான். தலைமை அலுவலகம் கழித்துப் போட்ட பழைய பெட்டி. அதைப் பொருத்திக் கொடுத்த ஒப்பந்தக்காரர், இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை அதில் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படிக்கலாம்; தப்பு கண்டால் திருத்தியும் அனுப்பலாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் எழுதி வளர்க்கிற சமாச்சாரம். அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஒப்பந்தக்காரர் பொருத்திவிட்டுப் போனவர் போனவர்தான். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

பலகை வந்து இரண்டு மாதம் இருக்கும். நெடுந்தூர வண்டி ஓட்டும் ஒரு டிரைவர், மீசை என்றால் எல்லாருக்கும் தெரியும், கூண்டின் ஜன்னலில் ஒரு காகிதத்தைத் தட்டென்று வைத்தார்.

“அக்கா, இது எனக்கு வந்த மூணாவது மெமோ. ஆறு நிமிஷம் லேட்டா எடுத்தேனாம். உங்க போர்டைப் பாத்துத்தானே எடுத்தேன்?”

“ரெண்டு நாப்பதுக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்?”

“போர்டுல ரெண்டு நாப்பது. ஊர் உலகத்துல ரெண்டு நாப்பத்தாறு.”

மணியக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீசை சொன்னது சரி. காலையில் அவரே பார்த்தபோது பலகையும் கைக்கடிகாரமும் ஒன்றாகத்தான் இருந்தன.

அன்றைக்குப் பலகையைக் கையால் திருத்தினார். மறுநாள் மத்தியானம் திரும்பவும் ஐந்து நிமிடம் பின்னால். அதற்கு மறுநாளும் அதே கதை. பழுது பார்க்கும் கடைக்காரரை அழைத்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து, பொத்தான் மாதிரி ஒரு பேட்டரியைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டார்.

“செல்லு போயிடுச்சுக்கா. இனிமே கல்லு மாதிரி நிக்கும்.”

“செல்லு போயிருந்தா ராத்திரி பூரா ஆஃப் பண்ணி வெச்சு, காலையில போடும்போதுதானே தப்பா காட்டணும்? காலையில சரியா இருக்கே? மத்தியானந்தான் பின்னாடி போகுது.”

கடைக்காரர் பெட்டியை மூடினார். “அப்போ பொட்டியையே மாத்திடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேனேஜரும் அதையே சொன்னார், ஆனால் புதுப் பெட்டிக்கு எழுதிப் போட்டால் வர இரண்டு வருஷம் ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

மணியக்காவின் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் இடம் பார்த்துப் பேசுவார். மணியக்கா இதை வீட்டில் சொன்னபோது, “உன் கைக்கடிகாரம் சரின்னு யாரு சொன்னா?” என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து மணியக்கா வானொலியில் மணிக்கு மணி வரும் ‘பீப்’ ஒலியை வைத்துக் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். அரை மணிக்கு ஒருமுறை பலகை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினார். பக்கத்திலேயே அந்த நேரத்தில் நிலையத்தில் எத்தனை வண்டி நின்றது என்றும் எழுதினார். அது ஏன் என்று கேட்டேன். “கை சும்மா இருந்துச்சு” என்றார்.

ஆனால் விஷயம் அந்த இரண்டாவது பத்தியில்தான் இருந்தது. இரண்டு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், காலைக் கூட்டத்தில் ஒரு நொடிகூடத் தப்பவில்லை. மூன்று மணிக்குக் கையால் திருத்தி வைத்தால் மாலைக் கூட்டத்திலும் தப்பவில்லை. பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை, வண்டியும் ஆளும் இல்லாமல் நிலையம் வெறிச்சோடும்போது மட்டும் கடிகாரம் மெல்ல மெல்லப் பின்தங்கியது. வேலை இருந்தால் சரியாக ஓடுகிறது, வேலை இல்லையென்றால் தூங்குகிறது.

“நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தானே இருக்கோம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டி, “பாருங்க, ஒரு நாள் கூட மாறலை” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மணியக்கா வீட்டில் மகளிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. கல்லூரியில் படிக்கிற பெண்; அம்மாவின் கடிகாரக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். அவள்தான் தேடி, அந்த இயங்குதளத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது, குறை இருந்தால் அங்கே எழுதலாம் என்று கண்டுபிடித்தாள்.

“நீயே எழுது. எனக்கு இங்கிலீஷ் தகராறு” என்றார் மணியக்கா.

“கடிகாரத்தைப் பாத்தது நீ. நீ எழுதும்மா, நான் திருத்தறேன்.”

மூன்று நாள் எழுதினார். நோட்டில் இருந்த இரண்டு வாரக் கணக்கை அப்படியே தட்டிச் சேர்த்தார். அந்தக் குழுவில் பலரும் புனைபெயரில்தான் எழுதுவார்கள் என்பதால் இவரும் கீழே ‘மணி’ என்று மட்டும் போட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது. எழுதியவர் பெயர் ஆந்தை. எந்த நாடு, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ‘இவ்வளவு ஒழுங்கான குறையறிக்கையை நான் இந்த வருஷம் பார்க்கவில்லை’ என்று தொடங்கி, ஒரு கட்டளையைக் கொடுத்து, அதை ஓட்டி என்ன வருகிறது என்று எழுதச் சொல்லியிருந்தார்.

அதில்தான் மணியக்காவுக்கு ஒரு சங்கதி தெரிந்தது. கணினிக்குள் ஒரு கடிகாரம் அல்ல, மூன்று நான்கு கடிகாரங்கள் இருக்கின்றன. எது நல்லது என்று இயங்குதளம் மதிப்பெண் போட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொள்கிறது. கூண்டுக் கணினியில் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தது, கணினியின் மூளையான செயலிக்கு உள்ளேயே இருக்கும் எண்ணி. செயலியின் துடிப்புகளை எண்ணி எண்ணி நேரம் சொல்வது அது. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்தப் பழைய செயலி அசந்து தூங்கும். தூங்கும்போது எண்ணியும் நின்றுவிடும். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆறு நிமிடம் காணாமல் போனது அப்படித்தான்.

ஆந்தை இன்னொரு கட்டளை கொடுத்தார். அதைப் போட்டால் கணினி அடுத்த கடிகாரத்துக்கு மாறிவிடும். மணியக்கா போட்டார். ஒரு கோப்பில் ஒரு வரியும் எழுதி, கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தக் கடிகாரத்தோடே எழும்படி செய்தார். அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கூண்டை விட்டு வெளியே வந்து பலகையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நொடி பிசகவில்லை. மீசைக்கு அப்புறம் மெமோ வரவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவர் ஆந்தைக்கு நன்றி சொல்லி எழுதியபோது கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: இந்தக் கடிகாரம் தூங்கும் என்று தெரிந்தும் இயங்குதளம் ஏன் அதற்கே முதல் மதிப்பெண் கொடுக்கிறது? என்னைப் போல் இன்னொருவர் இரண்டு வாரம் நோட்டு போட வேண்டுமா?

பதில் ஒரே வரி. ‘நியாயமான கேள்வி, திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.’

மணியக்கா அந்த வரியை மகளிடம் காட்டினார். “கிண்டல் பண்றாங்களா?”

“இல்லம்மா. அங்க அப்படித்தான். யாருக்கு வலிக்குதோ அவங்கதான் மருந்து அரைக்கணும்.”

இருபது வருஷத்துக்கு முன் அவர் ஒரு டிப்ளமா படித்திருந்தார். அதில் நிரல் எழுதுவது ஒரு பாடம். நாற்பத்திரண்டு மதிப்பெண்ணில் தப்பித்தது. இப்போது அந்தக் கடிகாரப் பகுதியின் மூலநிரலை நகல் கடையில் கொடுத்து அச்செடுத்தார். அறுபத்தொரு பக்கம். கடைக்காரர், “இது எந்த கோர்ஸும்மா?” என்று கேட்டாராம். பென்சிலும் கையுமாக மத்தியான வேளையில் கூண்டில் உட்கார்ந்து படிப்பார். புரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். முதல் மாதம் பக்கமெல்லாம் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. மூன்றாவது மாதம் ஒரு பக்கத்துக்கு நாலைந்து புள்ளிதான் இருந்தது.

ஓடுகிற கணினியில் கைவைத்துப் பலகை நின்றுபோனால் நிலையமே நின்றுவிடும். அதே மாதிரிப் பெட்டிகள் ஏழு, டிப்போ கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. மேனேஜரிடம் ஒன்று கேட்டார். “எடுத்துட்டுப் போம்மா. இடமாவது காலியாகும்” என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் அதைச் சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துப் போனார். தையல் மெஷின் இருந்த மேசையில் அது இடம் பிடித்தது.

ஒரு வரி மாற்றினாலும் இயங்குதளத்தின் கருவான கெர்னலை முழுவதும் மறுபடி கட்ட வேண்டும். அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு அதற்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். காலையில் கட்டச் சொல்லிவிட்டு வேலைக்கு வருவார். மாலையில் போய்ப் பார்த்தால் முதல் பத்து நிமிடத்திலேயே ஏதோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதாகச் சொல்லி நின்றிருக்கும்.

“வெந்துதா?” என்பார் வீட்டுக்காரர்.

“அடுப்பே பத்தலை” என்பார் இவர்.

நான்கு மாதத்தில் திருத்தம் ஒன்று உருவானது. மொத்தம் பதினோரு வரி. இந்த வகைச் செயலி என்றால் அந்த எண்ணிக்கு மதிப்பெண்ணைக் குறை, அடுத்த கடிகாரத்தை எடுத்துக்கொள் என்பதுதான் விஷயம். ஆந்தை திருப்பி அனுப்பினார். திருத்தம் சரி, ஆனால் வரிகளின் முன்னால் இடம் விடுவதற்கு இடைவெளிக் கட்டையை எட்டு முறை தட்டியிருக்கிறீர்கள், எங்கள் வழக்கம் டேப் கட்டையை ஒரு முறை தட்டுவது.

மணியக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்ணுக்கே தெரியாத இடத்துக்கு இவ்வளவு பேச்சா?”

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “பிசிறு எடுக்கச் சொல்றாங்க. நியாயந்தானே. நாங்க மட்டும் பிசிறோட அனுப்பிடுவோமா?”

பிசிறு எடுத்து அனுப்பினார். ஒரு வியாழக்கிழமை அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாற்றங்களின் பட்டியலில், ‘அனுப்பியவர்: மணி’ என்று ஒரு வரி. மகள் அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் பட்டறையில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். என்னவென்று கேட்டவர்களுக்கு, “கடிகார ரிப்பேர்தான், ஆனா உலகத்துக்கே” என்று சொன்னாராம். புதுப் பதிப்பு வெளிவந்ததும் முகம் தெரியாத நாலு பேர் நன்றி சொல்லி எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு பெண், கால்நடை மருத்துவர். எங்கேயோ மேய்ச்சல் நிலத்தில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். அவருடைய கணினியும் அதே வகைச் செயலி. ‘நேற்று புதுப் பதிப்பைப் போட்டேன். இன்று எழுந்திருக்கவில்லை. மயக்க ஊசி போட்ட மாடு மாதிரி பாதியில் படுத்துக் கிடக்கிறது. பழைய பதிப்பைப் போட்டால் எழுகிறது. இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். உங்கள் பதினோரு வரியில் வந்து நிற்கிறது.’

மணியக்கா அந்த அஞ்சலை நாலு தரம் படித்தார். பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். மகள் வந்து கேட்ட பிறகுதான் சொன்னார்.

என்ன நடந்தது என்று ஆந்தை அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார். மருத்துவருடைய கணினியில் இரண்டாவது கடிகாரம் பழுது. அடிக்கடி முன்னால் குதிக்கும், பின்னால் போகும். அது இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதை யாரும் பயன்படுத்தவில்லை. மணியக்காவின் திருத்தம் அந்தக் கணினியை அதன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஆந்தை ஒரு வழி சொன்னார்: அந்த மாடல் மதர்போர்டுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிவிடலாம், இரண்டு வரி போதும்.

மணியக்காவுக்கு அது ஒப்பவில்லை. அந்த மாடலில் இது தெரிந்தது. தெரியாத மாடல் எத்தனை இருக்குமோ?

“நாலு பேருக்கு நல்லா வேலை செய்யுதுல்லம்மா? நன்றி கூட எழுதினாங்களே?” என்றாள் மகள்.

“எழுந்திருக்காத கம்ப்யூட்டர்லேர்ந்து யாரு எழுதுவாங்க? இந்தம்மா எழுதினாங்க. எழுதாதவங்க எத்தனை பேரோ.”

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். “ஒரு பீஸ் திரும்பி வந்தா நாங்க அந்த லாட்டையே நிறுத்தி வெப்போம்” என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்.

மணியக்கா குழுவுக்கு எழுதினார். தன் திருத்தத்தை எடுத்துவிடுங்கள், சரியான வழி கிடைக்கும் வரை பழையபடியே இருக்கட்டும். அதற்கு ஒருவர் காட்டமாகப் பதில் போட்டார். நன்றி சொன்ன நாலு பேரில் அவரும் ஒருவர். ஒரே ஒரு மாட்டு வைத்தியருக்காக எங்கள் கடிகாரம் எல்லாம் திரும்பவும் பின்தங்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். மணியக்கா பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டார். ‘உங்கள் கடிகாரத்தை ஒரு கட்டளையில் சரிசெய்யலாம், எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். எழவே எழாத கணினியில் கட்டளையைத் தட்ட முடியாது.’ திருத்தம் எடுக்கப்பட்டது. மாற்றங்களின் பட்டியலில் இப்போது இன்னொரு வரி: ‘திரும்பப் பெறப்பட்டது. கேட்டவர்: மணி.’

மறுநாள் கூண்டில் அறிவிப்பு சொல்லும்போது குரல் கம்மியிருந்தது. சளியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னார். “நாலு மாசம் படிச்சேன். என் பொட்டியில மட்டுந்தான் ஓட்டிப் பாத்தேன். உலகத்துல என் பொட்டி மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சேன் போல.”

அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அந்தக் கால்நடை மருத்துவர் விடவில்லை. தன் கணினியை மணியக்காவுக்குச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். ‘நீங்கள் எழுதி அனுப்புங்கள், நான் ஓட்டிச் சொல்கிறேன். எனக்கு இது பொழுதுபோக்கு. என் நோயாளிகள் யாரும் பேசமாட்டார்கள்.’ அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம். மணியக்கா சாப்பாட்டு வேளையில் போனில் பதிலைப் பார்ப்பார். சில நாள் ‘கன்று ஈனுகிறது, நாளைக்கு’ என்று மட்டும் வரும்.

விதவிதமான செயலிப் பெயர், மதர்போர்டுப் பெயர் எல்லாம் சேர்த்து ஒரு நீளப் பட்டியல் போடப் பார்த்தார் மணியக்கா. எது நல்ல கடிகாரம், எது கெட்ட கடிகாரம் என்று பெயர் வாரியாக. பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. முடிகிற வழியாக இல்லை. மருத்துவர் ஒரு நாள் எழுதினார்: ‘என்னிடம் ஒரு மாடு வந்தால் என்ன இனம் என்று பார்த்து மருந்து கொடுக்கமாட்டேன். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். நீங்கள் ஏன் இனத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?’

அன்று மத்தியானம் அவர் போனைக் கொண்டுவந்து தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினார். படித்தேன், ஒன்றும் புரியவில்லை.

“பேரைப் பாக்கவே வேண்டாம்” என்றார். “எழும்போதே சோதிச்சுப் பாத்துடலாம். ஒரு கண் சிமிட்டற நேரம் செயலியைத் தூங்க வெச்சு எழுப்பணும். எல்லாக் கடிகாரத்தையும் கேக்கணும், எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. தூங்கினது கொஞ்சமா சொல்லும். குதிக்கறது கன்னாபின்னான்னு சொல்லும். ஒத்துப் போறது எதுவோ அதை எடுத்துக்கலாம்.”

அதை நிரலாக எழுத ஐந்து மாதம் ஆனது. இந்த முறை தன் பெட்டியோடு நிற்கவில்லை. குழுவில் உதவி கேட்டார். யாரெல்லாமோ தங்கள் பரணில் கிடந்த பழைய கணினிகளை இறக்கி ஓட்டிப் பார்த்துச் சொன்னார்கள். காட்டமாக எழுதினாரே, அவரும் இரண்டு கணினியில் ஓட்டிப் பார்த்தார். மொத்தம் இருபத்தேழு. அவற்றில் ஒன்று மட்டும் எல்லாக் கடிகாரமும் பழுதாகி, எதையும் நம்ப முடியாத நிலையில் இருந்தது. அப்படிப்பட்டதும் எழவாவது வேண்டும் என்று அதற்கும் ஒரு வழி எழுதினார். மருத்துவர் தன் பங்குக்கு இருபத்து மூன்று முறை சோதித்தார். இருபத்து நாலாவது முறை, ‘எழுந்து நின்று தீனி கேட்கிறது’ என்று வந்தது.

இந்தத் தடவை சண்டை வேறு மாதிரி. இந்தச் சோதனையால் கணினி எழும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது, அது தேவையா என்று குழுவில் மூன்று வாரம் விவாதம். அறுபத்து நாலு மின்னஞ்சல். மணியக்கா எல்லாவற்றையும் படித்தார். நாலைந்துக்குத்தான் பதில் எழுதினார், அதுவும் எண்களாக. “பஸ் ஸ்டாண்டுல தினமும் இதைவிடக் கத்தறாங்க” என்றார் என்னிடம். கடைசியில் புதுக் கணினிகளுக்கு அந்தச் சோதனை வேண்டாம், பழைய செயலி என்றால் மட்டும் செய்யட்டும் என்று முடிவானது. ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வருஷம் வரை மணியக்கா காலையில் போனை எடுக்கும்போதெல்லாம் யாராவது எழவில்லை என்று எழுதியிருப்பார்களோ என்று பயந்தபடிதான் எடுப்பாராம். இரண்டு சின்னக் குறைகள் வந்தன. அன்றன்றே திருத்தினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். கடிகாரம் சம்பந்தமாக யார் என்ன எழுதினாலும் ஆந்தை அதை மணியக்காவிடம் தள்ளிவிடத் தொடங்கினார். கடைசியில் குழுவிலிருந்து முறையான அழைப்பு வந்தது: இனி நீங்கள் யார் வழியாகவும் அனுப்ப வேண்டாம், நேரடியாகவே மாற்றங்களைச் சேர்க்கலாம். மணியக்கா இரண்டு வாரம் பதில் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“இப்போ ஆந்தை பாத்துட்டு, சரின்னாதான் உள்ள போகும். நாளைக்கு நான் தப்புப் பண்ணா நேரா உள்ள போயிடும்ல?”

“அந்தப் பயம் இருக்கறவங்களைத்தானே கூப்பிடுவாங்க” என்றேன். எனக்கே நான் சொன்னது பிடித்திருந்தது. அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. உள்ளே வந்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: வேலை நேரத்தில் பதில் வராது. உரிமை கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்தார் என்று பின்னால் விசாரித்தேன். கையேட்டில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாராம். அதற்கும் ஆறு நாள் யோசித்தாராம்.

அந்த வருஷம் குழுவின் கூட்டம் ஒன்று இணையத்தில் நடந்தது. அதில்தான் ஆந்தையின் முகத்தை முதல்முறை பார்த்தார். மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு மெலிந்த மனிதர். குழந்தை கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டே இருந்ததால் பாதி நேரம் அவருக்குத் திரை தெரியவில்லையாம். மணியக்கா ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்பட்டு, முன்னாலேயே எழுதி வைத்திருந்த நாலு வாக்கியத்தைப் படித்தார். மகள் பக்கத்து அறையில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். “தப்பே இல்லம்மா” என்று வந்து கட்டிக்கொண்டாளாம்.

எனக்கு வேறு டிப்போவுக்கு மாற்றலாகிவிட்டது. மணியக்கா இப்போதும் அதே நிலையத்தில்தான், காலை ஷிஃப்ட். போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் அவர் வீட்டுக்கும் போனேன். மேசையில் மூன்று பெட்டிகள் திறந்து கிடந்தன. தையல் மெஷின் ஜன்னலோரத்துக்கு நகர்ந்திருந்தது. வீட்டுக்காரர் பெட்டிகளை அடுக்க இரும்பில் ஒரு சட்டம் அடித்துக்கொண்டிருந்தார், அளவு பார்க்க மனைவியை நாலு தரம் எழுப்பிவிட்டார். திரையில் கெர்னல் கட்டும் வரிகள் மேலே ஓடிக்கொண்டிருந்தன.

“உட்காருங்க, இது முடிய இன்னும் முக்கால் மணி ஆகும்” என்றார் மணியக்கா. நான் என் மாற்றலைப் பற்றியும், புது டிப்போவில் கழிவறை ஒழுகுவதைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பார்வை திரையிலும் வைத்திருந்தார். மகள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பதைச் சொன்னார். காபி வந்தது. முக்கால் மணி ஒரு மணியாயிற்று. அது முடியவில்லை, நான் கிளம்பிவிட்டேன்.